விழுந்த மரமும் வளையும் வில்லும்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் சாய்ந்தால் பாதை அடைபட்டதே என்று வருந்துகிறோம். எத்தனை வண்டி விறகு தேறும் என்று கணக்கிடுகிறோம். அது என்ன மரம், அதன் கட்டை எதற்கு உதவும் என்று கேட்போர் அரியர். கல்லூரியில் பயிலும் நமக்கு இஃது அழகன்று.

அத்திப்பட்டு என்னும் ஊர்ப் பெயரிலேயே ஒரு மரம் நிற்கிறது. 1994 முதல் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் இவ்வூருக்கு அடையாளமாகிவிட்டன. ஆயினும் இவ்வட்டாரத்தில் பூவரசும் வேம்பும் பனையும் இன்னும் உண்டு. இதய வடிவ இலையும், வாடுகையில் சிவக்கும் மஞ்சள் பூவும் பூவரசைக் காட்டும். மாலையில் இலை கூம்புவது தூங்குமூஞ்சி. விழுந்த சில நாட்களில் இலை உதிர்ந்துவிடும். பின்னர்ப் பட்டையும் நிறமும் மணமுமே சான்று. எனவே முதல் நாளே பெயரறிதல் வேண்டும்.

பெயரறிந்தால் போதுமா? போதாது. தரமறிய வேண்டும். அதற்கு வில்லைவிடக் கடுமையான தேர்வாளர் இல்லை. அலமாரிப் பலகை தன் குறையை மறைக்கும். வில்லோ முறிந்து காட்டிவிடும். வில் வளைகையில் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெருக்குண்கிறது. தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே முடிச்சில்லாத, நேரிழை ஓடும் கட்டையே வில்லுக்கு ஏற்றது. பிளந்து பார்த்தால் இழையின் போக்குத் தெரியும். புயலில் வளைந்து விழுந்த மரத்தில் குறுக்கே நுண்ணிய மடிப்புகள் ஒளிந்திருக்கலாம். அத்தகைய கட்டை திடீரென ஒடியும். ஈரமும் உலர வேண்டும். முனைகளில் மெழுகு பூசி, நிழலில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காத்திருத்தல் நன்று.

இத்தேர்வில் இழை பின்னிய தூங்குமூஞ்சி தோற்கும். பூவரசின் தண்டு பெரும்பாலும் கோணல். நேரான துண்டு கிடைத்தால் சோதிக்கலாம். பனையின் உள்ளீடு மென்மை. வெளிப்புறத்துக் கருநார் வைரம். வில்லுப்பாட்டுக் கலைஞர் பனையில் வில் செய்தது காரணமின்றி அன்று. தமிழில் ‘சிலை’ என்னும் சொல் வில்லுக்கும் பெயர், ஒரு மரத்துக்கும் பெயர். 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் ஆங்கிலக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட ‘யூ’ மர விற்கள் கிடைத்தன. மரமறிந்த சமுதாயங்களே வில்லறிந்தன.

ஆகவே என் வேண்டுகோள் இது. இனி ஒரு மரம் சாய்ந்தால், உரியவரிடம் இசைவு பெற்று, ஒரு வட்டத்துண்டையும் ஒரு முழ நீளக் கட்டையையும் கல்லூரிக்குக் கொண்டு வருவோம். தாவரவியல் துறை பெயரிடட்டும். இயற்பியல் துறை வளைத்துப் பார்க்கட்டும். தமிழ்த் துறை பழம்பெயரைத் தேடட்டும். செலவு மிகச் சிறிது. நிற்கும் மரத்தின் அருமையை, விழுந்த மரமேனும் நமக்குக் கற்பிக்கட்டும்!