தறிச் சத்தத்துக்குள் ஒளிந்து வரும் சர்க்கரை வியாதி! பல்லடம் தொழிலாளர்கள் ஏமாறுவது எப்படி?

பல்லடம்,-

சித்திரை வெயில் கொளுத்தும்போது பல்லடத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்காதவர் யார்? தறிக்குடோனுக்குள் நின்றால் பஞ்சுத் தூசியும் புழுக்கமும் சேர்ந்து நாக்கு வறண்டு போகும். இந்தத் தாகத்துக்குப் பின்னால்தான் சர்க்கரை வியாதி ஒளிந்துகொள்கிறது.

"வெயிலுக்குத் தாகம் எடுக்குதுங்க. ராத்திரி ஷிப்ட்டுல தூக்கம் கெட்டா அசதியாத்தான் இருக்கும். சக்கரை எல்லாம் உக்காந்து திங்கறவங்களுக்குத்தானுங்க வரும்!"

டீக்கடை பெஞ்சில் சாதாரணமாக அடிபடும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

180-ஐத் தாண்டினால்தான் தாகம்

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126-ஐத் தொட்டாலே நோய் என்பது டாக்டர்கள் கணக்கு. ஆனால் அந்த அளவில் உடம்பு வாயைத் திறப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் தாக்குப்பிடிக்க முடியாமல் அதைச் சிறுநீரில் தள்ளுகிறது. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் இரவில் மூன்று, நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது. போன தண்ணீருக்கு ஈடாகத் தாகம். தின்ற சோறு உடம்பில் ஒட்டாததால் எடை குறைவு, அகோரப் பசி, அசதி.

ஆக, "ஆரம்ப அறிகுறி" என்று ஊரார் சொல்வது உண்மையில் ஆரம்பமே அல்ல. பொடக்காலி வழியாக நுழைந்த திருடன் பீரோவை உடைத்த பிறகு கேட்கும் சத்தம் அது! பலருக்கு அந்தச் சத்தமும் கேட்பதில்லை. வேறு ஏதோ நோய்க்கு ரத்தம் கொடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

முன்கூட்டியே துப்புக் கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் போலத் தடித்துவிடும். அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிள்ளைகளுக்குக்கூட இது வருகிறது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு இது ஓர் அறிகுறி. கண் மங்கல், மர்ம உறுப்பில் ஓயாத அரிப்பு, ஈறு வீக்கம், ஆறாத புண், பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

இதில் பாதம்தான் பல்லடத்துக்குப் பெரிய ஆபத்து. செருப்பில்லாமல் தறி ஓட்டுபவருக்குக் காலில் கம்பி குத்தும். உணர்ச்சி மரத்த காலுக்கு அது தெரியாது. நாலு நாள் கழித்து வீங்கிய பிறகே பார்ப்பார். அலட்சியமாக விட்ட இப்படிப்பட்ட புண்தான் காலையே எடுக்க வேண்டிய நிலை வரை கொண்டுபோகிறது.

நின்று வேலை செய்தாலும் 60 மார்க்

யாருக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்கச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2005-ல் ஒரு மார்க் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். ஊசி வேண்டாம், டெய்லர் டேப் போதும்.

42 வயதுத் தறிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 35-க்கும் 49-க்கும் இடையில், அதற்கு 20. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர், ஆணுக்கு 90-ஐத் தாண்டியதால் 10. (பெண்ணுக்கு 80-லேயே தொடங்கிவிடும்.) அம்மாவுக்குச் சர்க்கரை, அதற்கு 10. தறி ஓட்டுவது கடின உழைப்பு என்றே வைத்துக்கொண்டாலும், தனியாக உடற்பயிற்சி இல்லாததால் 20. மொத்தம் 60. அறுபதைத் தொட்டாலே "அதிக ஆபத்து"!

உழைப்பு கவசம் என்பது பொய்யல்ல. அது முழுக்கவசம் அல்ல, அவ்வளவுதான். கறிக்கோழிப் பண்ணைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருபவர், லாரி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தே இருப்பவர் நிலையோ இன்னும் மோசம்.

இரவு ஷிப்ட்டும் சும்மா விடுவதில்லை. அமெரிக்க நர்சுகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஷிப்ட் மாறி மாறி இரவு வேலை பார்த்த ஆண்டுகள் கூடக் கூட, சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடியது. இங்கே தூக்கத்தை விரட்டுவது டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. ஒரு ஷிப்ட்டில் ஆறு டீ என்றால் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே சுமார் 50 கிராம்தான். 25-க்குள் இருந்தால் நல்லது என்கிறது.

13.6 கோடி பேர்

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி. அதற்கு முந்தைய படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் பிடித்து நிறுத்த முடியும். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

கர்ப்பக் காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு "போய்விட்டது" என்று நிம்மதியாக இருக்கும் பெண்களும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பு மும்முரத்தில் மறு சோதனைக்கு யார் போகிறார்கள்?

சோதனைக்குக் காசு தடையில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் பகலில் கதவைத் தட்டினால், இரவு ஷிப்ட் முடித்தவர் போர்த்திக்கொண்டு தூங்குவார். ஷிப்ட் மாறும் நேரத்தில் தறிக்குடோன் வாசலிலேயே சோதனை வைத்தால்தான் இவர்கள் சிக்குவார்கள். குடோன்காரர்கள் கால் மணி நேரம் விட்டுக்கொடுக்க மனசு வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல். வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. இரவெல்லாம் டீ குடித்தவர் காலையில் நேராகப் போய் ரத்தம் கொடுத்தால் அது வெறும் வயிறு ஆகாது. அப்படிப்பட்டவர்களுக்கு எச்.பி.ஏ. ஒன் சி என்ற சோதனை தோது. கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியை அது காட்டிக் கொடுக்கும், சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம். 5.7-க்குக் கீழே என்றால் சரி. 6.5-ஐத் தொட்டால் நோய்.