கழுகுக்குப் பொங்கல், மனிதருக்குத் தீட்டா?

"ஆளைப் பார்த்ததும் எடைபோடுவது மூளையின் இயல்பு, சாதி பார்ப்பதும் அப்படித்தான்" என்று அறிவியலின் பெயரால் சாதிக்கு வக்காலத்து வாங்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களை எங்கள் ஊருக்கு அழைக்கிறேன்.

எங்கள் திருக்கழுக்குன்றம் மலையில் நண்பகல்தோறும் இரண்டு கழுகுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் படைக்கப்பட்டது. 1990களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுபோனது. வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். பாப்பாத்திக் கழுகு என்றும் சொல்வார்கள். செத்த மாட்டையும் மலத்தையும் தின்னும் பறவை. அதை முனிவர் என்று கும்பிட்டார்கள். அதே செத்த மாட்டைத் தூக்கும் வேலை சுமத்தப்பட்ட மனிதர்களையோ தீட்டு என்று ஒதுக்கினார்கள். அவர்கள் கோயிலுக்குள் நுழைய சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டமே போட வேண்டியிருந்தது.

அருவருப்பு வெறும் பிறவிக் குணம் என்றால் கழுகைக் கண்டும் முகம் சுளித்திருக்க வேண்டுமே? அருவருக்கும் திறன் பிறவியிலேயே உண்டு. யாரை அருவருப்பது என்பதை ஊர்தான் கற்றுக்கொடுக்கிறது.

2006-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லசானா ஹாரிஸும் சூசன் ஃபிஸ்கேயும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீடற்றவர்கள், போதைக்கு அடிமையானவர்கள் ஆகியோரின் படங்களைக் காட்டியபோது, பிறர் மனதை எண்ணிப் பார்க்கையில் இயங்கும் மூளைப் பகுதி மந்தமாகவே இருந்தது. அடுத்த ஆய்வில், "இவருக்கு இந்தக் காய் பிடிக்குமா?" என்று யோசிக்கச் சொன்னார்கள். அதே பகுதி விழித்துக்கொண்டது. எதிரே இருப்பவரை விருப்பு வெறுப்புள்ள ஓர் ஆளாக நினைக்க ஒரு காய்கறி போதுமாயிருந்தது.

நம் ஊரிலும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதல் கேள்வியே "சைவமா, அசைவமா?" என்பதுதான். ருசியை அறியவா கேட்கிறார்கள்? சாதியை அறியக் கேட்கிறார்கள்.

சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். அதனால் மனம் தானாகத் திருந்தட்டும் என்று அவர் காத்திருக்கச் சொல்லவில்லை. சாத்திரங்களின் புனிதத்தை உடைக்கச் சொன்னார். சாதி மறுப்புத் திருமணங்களை வழியாகக் காட்டினார்.

ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம், சுடுகாடும் தனித்தனி. சேரி வீட்டில் ஒருவேளை சோறு உண்ணாமலேயே ஊர்ப் பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட முடிகிறது. இந்தப் பிரிவினையை அப்படியே காப்பாற்றிக்கொண்டு மூளையின் மீது பழி போடாதீர்கள். தோழர்களே, மூளை கற்றதை மாற்றிக் கற்கும். அதற்கு முதலில் ஊரும் சேரியும் ஒன்றாக வேண்டும்.