அடுக்களையும் வேலைத்தலமே!

மில்லில் ஒரு தொழிலாளி நின்று வேலை செய்ய எத்தனை இடம் வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆள் ஒன்றுக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று விதித்தது. அடிக்கணக்கில் சொன்னால் சுமார் 500 கன அடி. அதற்கு முன்பே இருந்துவந்த பழைய ஆலைகளில்கூட 9.9 கன மீட்டருக்கு, அதாவது 350 கன அடிக்குக் குறையக் கூடாது என்றது. காற்றோட்டம் வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்றும் விதித்தது. இவையெல்லாம் முதலாளிகள் மனமிரங்கித் தந்த தானமா? இல்லை. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றவை.

சரி, அந்தத் தொழிலாளிக்குச் சோறு பொங்குகிற இடத்துக்கு எத்தனை அடி வேண்டும்? இதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான் கேட்டதில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஒரு தோழர் வீட்டுக்குப் பத்து வருஷமாகப் போய்வருகிறேன். கமிட்டிக் கூட்டம் முடிந்து எத்தனையோ இரவுகள் அங்கே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அந்த டீ எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஒருநாள் பத்திரிகைச் சந்தா வாங்கப் போனபோது தோழர் வீட்டில் இல்லை. அவர் மனைவி உப்பளத் தொழிலாளி. அடுக்களைக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார். அன்றுதான் உள்ளே பார்த்தேன்.

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரருடைய படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடம் அது. அகலம் 5 அடி, நீளம் 6 அடி. ஒரு பக்கம் 8 அடி உயரம். மறுபக்கம் படி சரிந்து நாலரை அடிக்கு இறங்குகிறது. ஜன்னல் இல்லை. கதவு உள்பக்கமாகத் திறப்பதால் அதுவே ஒரு மூலையைத் தின்றுவிடுகிறது. தரையில் கேஸ் அடுப்பு, அதை ஒட்டி சிலிண்டர். அரிசி டின்னின் தலையில் மிக்ஸி. கிரைண்டர் திண்ணையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. உள்ளே வைக்க இடமில்லை. பாத்திரம் கழுவத் தெருவுக்கு வரவேண்டும். பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்னே எழுந்து, இந்தப் பொந்துக்குள் குந்தியிருந்து நாலு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் அந்தச் சகோதரி உப்பு வாரப் போகிறார்.

"உப்பளத்து வெயில் ரொம்பக் கஷ்டந்தான், இல்லையா?" என்று ஏதோ கேட்டு வைத்தேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, உப்பளத்துலயாவது காத்து வரும். இங்க அதுவும் கிடையாது. நிமிர்ந்தா தலை இடிக்கும், குனிஞ்சா இடுப்பு ஒடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இடம் 190 கன அடிகூட இல்லை. ஆலையில் ஓர் ஆளுக்குச் சட்டம் கொடுத்த இடத்தில் பாதிக்கும் குறைவு! சங்கு குளிக்கிறவர் கடலுக்கடியில் மூச்சை அடக்குவது ஒரு நிமிஷம், அதற்குச் சற்று மேல். நம் பெண்களோ வாழ்நாள் பூராவும் அடுக்களையில் மூச்சை அடக்குகிறார்கள்.

ஆட்சிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு வந்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. 2016-ல் மத்திய சர்க்கார் உஜ்வலா இணைப்பு கொடுத்தது. விறகுப் புகை குறைந்தது வாஸ்தவம். உழைப்பு குறைந்ததும் வாஸ்தவம். இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் சாமான்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை வைக்கும் இடம் மட்டும் ஓர் அங்குலமும் வளரவில்லை.

ஏன் வளரவில்லை? தேசியக் கட்டடக் கோவை என்று ஒன்று உண்டு. வீடு எப்படிக் கட்ட வேண்டும் என்று கூறும் நூல். சாதாரண வீட்டின் சமையலறை 5 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 54 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் குறைந்த வருமானமுள்ளோர் வீடு என்றதும் அளவு சுருங்கிவிடுகிறது. இரண்டு அறை வீட்டுச் சமையலறைக்கு 3.3 சதுர மீட்டர், அதாவது 35 சதுர அடி போதுமாம். தனி அறையாக இல்லாமல் மூலையில் சமைப்பதென்றால் 2.4 சதுர மீட்டர், அதாவது 26 சதுர அடி போதுமாம். ஏழை வீட்டில் பானை சின்னதா? ஏழைப் பெண்ணுக்குக் கை குட்டையா? அடுக்களையின் அளவில்கூட வர்க்கம் இருக்கிறது, தோழர்களே!

சின்ன இடமானாலும் யோசித்துச் செய்தால் நல்ல அடுக்களை அமைக்கலாம் என்பதற்கு நூறு வருஷத்து உதாரணம் இருக்கிறது. 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரசபை, உழைக்கும் மக்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டியது. அந்த வீடுகளின் சமையலறையைத் திட்டமிட்டவர் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர். அகலம் 6 அடிக்குச் சற்று மேல், நீளம் 11 அடிக்குச் சற்று மேல். ரயிலில் உணவு சமைக்கும் பெட்டியைப் பார்த்து, அந்தக் குறுகிய இடத்தில் எப்படி வேலை நடக்கிறது என்று படித்தார். நமது தோணிகளில் சமைப்பவரும் அப்படித்தானே? நின்ற இடத்திலிருந்து எல்லாம் கைக்கெட்ட வேண்டும். ஒரு பெண் ஒரு வேளைச் சமையலுக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்று அளந்து, அடுப்பையும் தொட்டியையும் மேடையையும் பொருத்தினார். ஜன்னலுக்கு நேரே காய் நறுக்கும் பலகை வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைந்தது. இதே பெண்மணி பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். நாஜிகளை எதிர்த்து ரகசிய வேலை செய்ததற்காக 1941-ல் வியன்னாவில் கைதாகி, 15 வருஷத் தண்டனை பெற்று, 1945-ல் விடுதலையானார். அடுக்களையை அளந்த அதே கைதான் பாசிசத்தையும் எதிர்த்தது.

நாங்களும் அந்தத் தோழர் வீட்டில் முயன்று பார்த்தோம். ஒரு கொத்தனார், ஒரு தச்சர், சுமைத் தோழர்கள் இருவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சுவரில் கைவைக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர். யூனியன் தோழர்கள் போய்ப் பேசிய பிறகு ஒப்புக்கொண்டார். முதலில் அளந்தது சுவரை அல்ல, அந்தச் சகோதரியின் முழங்கை உயரத்தை. அதற்கு ஐந்தாறு அங்குலம் கீழே, உயரமான பக்கத்தில், 5 அடி நீளம் 2 அடி அகலத்துக்குக் கடப்பைக்கல் மேடை போட்டோம். ஒரு முனையில் அடுப்பு, மறு முனையில் கழுவும் தொட்டி, நடுவில் நறுக்குவதற்கு இடம். தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. சிலிண்டர் நேராக நிற்கிறது. அடுப்பு அதற்கு மேலே இருக்கிறது. வெளிச்சுவரில் இரண்டு துவாரம்: சூடும் புகையும் போக மேலே ஒன்று; கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும், ஆகவே கீழே ஒன்று. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் தட்டுகளுக்கும் கல்லையே வைத்தோம். சரிவான பக்கத்தில் அரிசியும் பாத்திரமும் போயின. கிரைண்டர் திண்ணையிலிருந்து உள்ளே வந்தது.

இப்போது அவர் நின்று சமைக்கிறார். பாத்திரம் கழுவத் தெருவுக்கு வருவதில்லை. ஆனால் 190 கன அடி 190 கன அடிதான்! சுவரைத் தள்ளிவைக்க நம்மால் முடியவில்லை. மேடை போடுவது தோழமை. சுவரைத் தள்ளிவைப்பதோ அரசியல்.

"கூலிப் பிரச்னை இருக்க, கட்சிக்கு அடுக்களையும் ஒரு பிரச்னையா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கூலி அரிசியாகி, அரிசி சோறாகிற இடம் எது? அங்கே நடப்பது உழைப்பு இல்லையா? வேறு சிலர், "லெனின் பொதுச் சமையலைத்தானே சொன்னார்?" என்கிறார்கள். உண்மை. வீட்டுவேலை பெண்ணை நசுக்குகிறது என்று 1919-லேயே எழுதினார் லெனின். பொது உணவுச்சாலைகளைப் புதிய சமுதாயத்தின் முளைகள் என்று கண்டார். நம்மூரிலும் 1982-ல் விரிவான சத்துணவும், 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவும் தாய்மார்களின் சுமையில் ஒரு பங்கை இறக்கின. இன்னும் இறக்க வேண்டும். ஆனால் நாளை வரும் பொதுச் சமையலைச் சொல்லி, இன்று பொந்துக்குள் குந்தியிருப்பவளைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நல்ல அடுக்களை கிடைத்துவிட்டால் பெண் விடுதலை வந்துவிடும் என்பதும் இல்லை. நல்ல அடுக்களைக்குள்ளும் அவள் ஒருத்தியே நின்றால், அது வசதியான சிறை. ஆண்களும் அங்கே நின்று வேலை செய்ய வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. சர்க்கார் பணத்தில் எழும் எந்த வீட்டிலும் சமையலறை 54 சதுர அடிக்குக் குறையக் கூடாது. வெளியே திறக்கும் ஜன்னல், மேலும் கீழும் துவாரம், மேடை, தொட்டி, குழாய், சாக்கடை இணைப்பு வேண்டும். வரைபடம் முடிவாகும் முன் அங்கே சமைக்கப் போகும் பெண்களைக் கேட்க வேண்டும். மில் யூனியனும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வீட்டுமனைக் கோரிக்கையோடு இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

1908 பிப்ரவரி 27 அன்று இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. ஆலைக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அடுக்களைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தோழர்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓர் அளவுநாடாவை எடுங்கள். உங்கள் வீட்டு அடுக்களைக்குள் போங்கள். நீளம், அகலம், உயரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே நின்று ஒரு வேளை நீங்களே சமைத்துப் பாருங்கள். பிறகு அந்தக் கணக்கைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்!