மறுமொழிக்கு இடமில்லாத மலர்கள்

ஆண்டுதோறும் தமிழ்ச் சங்கங்கள் மலர் வெளியிடுகின்றன. தில்லி, மும்பை, கொல்கத்தா என்று பிழைப்பை நாடி வந்த தமிழர் இல்லங்களில் அவை அடுக்கடுக்காக இருக்கின்றன. அட்டை அழகு; அச்சு அழகு; வாழ்த்துரைகளுக்கும் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இம்மலர்களில் வந்த கட்டுரை ஒன்றுக்கு எவரேனும் மறுமொழி எழுதியதுண்டா? எழுதியிருப்பின், அடுத்த மலரில் அதற்கு இடம் கிடைத்ததுண்டா?

இல்லையெனில், குறை வாசகருடையது அன்று. அழையாத வீட்டில் எவர் நுழைவர்?

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்குச் சுற்றறிக்கையின் நடை நன்கு தெரியும். எழுதியவர் முகம் அதில் தெரியாது. படிப்பவர் எவரென்ற நினைவும் அதற்கு இராது. அலுவலகத்துக்கு அது பொருந்தும். இலக்கியக் கட்டுரைக்குப் பொருந்துமா? கோப்பிலேகூட ஒருவர் குறிப்பெழுத, அதன்கீழ் அடுத்தவர் தம் கருத்தை எழுதுகிறார். நம் மலர்களில் அந்த அளவு உரையாடல்கூட இல்லையே!

‘இலக்கியத்துக்குக் கம்பீரம் வேண்டும், வாசகரோடு உறவாடினால் தரம் தாழ்ந்துவிடும்’ என்பார் உளர். இவர்கள் தமிழின் வரலாற்றை மறந்து பேசுகின்றனர். உரை என்னும் சொல்லுக்கே பேச்சு என்பது பொருள். நம் உரைநடையின் தொன்மையான நூல்களுள் ஒன்றான இறையனார் களவியல் உரை, வினா எழுப்பி விடை கூறியே நடக்கிறது. இளம்பூரணர் கூறியதைச் சேனாவரையர் மறுத்தார். மறுப்பினால் தொல்காப்பியத்தின் பெருமை குறைந்ததா, வளர்ந்ததா?

அண்மைக் காலத்தைப் பார்ப்போம். டாக்டர் மு.வ. ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று கடித வடிவிலேயே நூல்கள் எழுதினார். அறிஞர் அண்ணா ‘தம்பி’ என்று விளித்த மடல்களில் அரசியலும் வரலாறும் இலக்கியமும் கலந்து வந்தன. நெல்லையில் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் அன்பர்கள் கூடிப் பேசியே கம்பனைச் சுவைத்தனர். 1965இல் தில்லியிலேயே தோன்றிய ‘கணையாழி’யின் கடைசிப் பக்கங்களில், சுஜாதா எதிரில் அமர்ந்து பேசுபவர்போல் எழுதினார். இவர்களுள் எவருடைய தரம் தாழ்ந்தது?

ஊரில் இருப்பவர்க்குத் தமிழ் தெருவெல்லாம் கேட்கும். நமக்கோ அது வீட்டின் நான்கு சுவர்களுக்குள் ஒலிப்பது. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்து, அம்மாவிடம் மட்டும் தமிழ் பேசுகின்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியை நோக்கி நம் மலரில் ஒரு வரியேனும் உண்டா? அவள் எழுதும் நான்கு வரி அச்சேறினால், அந்தக் குடும்பம் முழுதும் மலரைப் படிக்கும். அச்சேறாவிடில், அவளுக்குத் தமிழ் என்பது பெரியவர்கள் மேடையில் பேசும் மொழியாகவே நின்றுவிடும். கேட்க மட்டும் செய்த மொழியை அவள் தன் பிள்ளைக்கு எங்ஙனம் அளிப்பாள்?

எனவே, மலர்க் குழுவினரிடம் நான் வேண்டுவன சில. கட்டுரையாளர் தாம் எவ்வூரினர், இப்பொருள் தம்மை ஏன் தொட்டது என்பதை இரண்டு வரியில் கூறட்டும். தமக்கு விளங்காத ஒன்றை வாசகரிடம் வினாவாக விடுக்கட்டும். வாழ்த்துரைகளில் நான்கு பக்கம் குறைத்து, வாசகர் மடல்களுக்குக் கொடுங்கள். பிழையோடு வரும் மடலை ஒதுக்காமல் திருத்தி வெளியிடுங்கள். மறுத்து எழுதுபவரைப் பகைவராகக் கருதாமல், அம்மடலின் கீழேயே கட்டுரையாளர் விடையளிக்கட்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும். விருந்தினரை வாசலில் நிறுத்திவைத்து விருந்தோம்பல் பற்றிக் கட்டுரை எழுதுவது தமிழ்ப் பண்பு ஆகாது. கதவைத் திறந்து, ‘வாருங்கள்’ என்று சொல்லுங்கள். வந்தவரைப் பேச விடுங்கள்.