கேபிள் வரும் வழிக்கு யார் வாடகை கொடுப்பது?

சம்பா நெல்லுக்கு மேலுரம் போட வேண்டிய நேரம். நேரடி விதைப்பு செய்த வயலில் மழை பெய்து ஈரம் நிற்கிறது. இன்றோ நாளையோ யூரியா விழுந்தால் தூர் கட்டும். நான்கு நாள் தள்ளினால் ஈரம் போய்விடும். விவசாயி கூட்டுறவு சங்கத்துக்குப் போகிறார். மூட்டை இருக்கிறது, பணமும் இருக்கிறது. கைரேகை வைக்கும் கருவியில் மட்டும் நெட்வொர்க் இல்லை. 'நாளைக்கு வாங்க' என்கிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் குறையைக் கேட்டிருக்கிறேன். 2018-ல் இருந்து மானிய உரம் கைரேகைப் பதிவுடன்தான் விற்கப்படுகிறது. பயிர்க் காப்பீட்டுப் பதிவு, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் விற்க முன்பதிவு, சிட்டா, பி.எம். கிசான் சரிபார்ப்பு, விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் என எல்லாமே இணையத்தில் வந்துவிட்டன. இணையம் மட்டும் ஊருக்கு ஒழுங்காக வரவில்லை.

ஏன் வரவில்லை? 'அரசு பணம் ஒதுக்கவில்லை' என்பது பலரும் சொல்லும் பதில். ஆனால் பணம் ஒதுக்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கேபிள் போவதற்குச் சாலை வேண்டும், கம்பம் வேண்டும், அறை வேண்டும், மின்சாரம் வேண்டும். இவற்றைப் பயன்படுத்த ஆகும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் தேங்குகின்றன.

திட்டத்தின் கதை

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய ஃபைபர் கேபிள் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு அதிவேக இணையம் கொண்டுசெல்வது இலக்கு. 2015-ல் இதற்கு 'பாரத்நெட்' என்று பெயர் மாறியது. செலவுக்கான பணம், தொலைபேசி நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் பிடிக்கப்படும் நிதியிலிருந்து வருகிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதாவது நாம் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் இதற்கு நம் பங்கும் சேர்கிறது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் விரிவாக்கப்பட்ட திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

தமிழகத்தில் இரண்டாம் கட்டப் பணியை மாநில அரசே எடுத்துச் செய்கிறது. அதற்காக 2018-ல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் (டான்ஃபிநெட்) தொடங்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் வேக இணைப்பு தருவது நோக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளும் இதில் அடக்கம். முதலில் விட்ட டெண்டரின் நிபந்தனைகள் மீது புகார் எழுந்து, 2020 ஜூனில் மத்திய அரசின் துறை தலையிட்டு அதை ரத்து செய்யச் சொன்னது. மறு டெண்டர் விட்டு, 2022 ஜூனில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணி தொடங்கியது. பிறகு பல ஊராட்சிகளுக்குக் கேபிள் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்குக் கேபிள் வருவது வேறு, அது விவசாயிக்குப் பயன்படுவது வேறு.

இதைக் கடைமடை விவசாயிக்கு விளக்கவே தேவையில்லை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்று செய்தி வரும். மணமேல்குடிப் பக்கத்து ஏரிக்கு அது வந்து சேருமா என்பது வேறு கேள்வி. ஃபைபரிலும் அதே கடைமடைச் சிக்கல்தான்.

செலவு எதில்?

கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை விலை அதிகமில்லை. அதைப் பதிக்கப் பள்ளம் தோண்டுவதும், தோண்டிய சாலையைச் சீரமைப்பதும், அனுமதி வாங்குவதும்தான் பெரும் செலவு. சாலை ஒரு துறையுடையது, பாலம் இன்னொரு துறையுடையது, ஊராட்சிச் சாலை உள்ளாட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது. ஒவ்வொருவரிடமும் தனித்தனி மனு, தனித்தனிக் கட்டணம். இந்த அனுமதிக்கு 'வழியுரிமை' என்று பெயர்.

இதை ஒழுங்குபடுத்த 2016 நவம்பரில் மத்திய அரசு வழியுரிமை விதிகளைக் கொண்டுவந்தது. நிலத்தடிக் கேபிளுக்கு நிர்வாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது. சாலையைச் சீரமைக்கும் செலவு தனி. உண்மையில் கையைக் கடிப்பது அந்தச் செலவுதான். 2022 ஆகஸ்ட் திருத்தம், மின்கம்பம், தெருவிளக்குக் கம்பம் போன்றவற்றில் கேபிள் கட்ட ஒரு கம்பத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வரம்பு வைத்தது. 2025 ஜனவரி 1 முதல், 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த புதிய வழியுரிமை விதிகள் நடைமுறையில் உள்ளன.

பாரத்நெட்டைப் பொறுத்தவரை, அரசுத் திட்டத்தின் கேபிளுக்கு வழியுரிமைக் கட்டணம் வாங்குவதில்லை என்பதே மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பங்கு. ஆகவே ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி வரை வரும் கேபிளுக்கு இந்தச் சுமை குறைவு. அதற்கு அப்பால், ஊராட்சி அலுவலகப் பெட்டியிலிருந்து குடியிருப்புகளுக்கும், கூட்டுறவு சங்கத்துக்கும், கொள்முதல் நிலையத்துக்கும் இழுத்துக் கொடுக்கப்போவது பெரும்பாலும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் போன்ற சிறு தொழில்முனைவோர். அவருக்கு வழி யார் கொடுப்பது?

ஒரு சிறு கணக்கு

விளங்குவதற்காக, கம்பத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்றே எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 20 கம்பம் என்று வைப்போம்.

நகரத் தெருவில் 1 கிலோமீட்டரில் 100 இணைப்பு கிடைத்தால், கம்ப வாடகை 2,000 ரூபாய். ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். மாதத்துக்கு 2 ரூபாய்கூட இல்லை.

கடலோர ஊராட்சியில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும். கண்மாய்க்கு இந்தப் பக்கம் 15 வீடு, அந்தப் பக்கம் 20 வீடு. 6 கிலோமீட்டர் இழுத்தால் 40 இணைப்பு தேறலாம். 120 கம்பத்துக்கு 12,000 ரூபாய். ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 300 ரூபாய், மாதத்துக்கு 25 ரூபாய்.

கட்டண விகிதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சுமை மட்டும் 15 மடங்கு. கேபிள், ஆள் கூலி, பழுது பார்ப்பு எல்லாம் இதே விகிதத்தில் ஏறும். அதனால்தான் சிறு ஆபரேட்டர் சாலையோரக் கடைவீதியோடு நின்றுவிடுகிறார். உள்ளே இருக்கும் ஊருக்குப் போக அவருக்குக் கட்டுப்படியாகாது. கம்ப வாடகையை நீக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் அரசின் கையில் உடனே குறைக்கக்கூடிய செலவு அதுதான்.

'செல்போனில்தான் நெட் வருகிறதே, கேபிள் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. செல்போன் கோபுரத்துக்கும் பின்னால் வலுவான இணைப்பு வேண்டும். ஃபைபர் இல்லாத கோபுரத்தில், காப்பீட்டுக்கான கடைசி நாளில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முயன்றால் வேகம் படுத்துவிடும்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

பிரிட்டனில் கிராமப்புற இணையத்துக்கு அரசு மானியம் தந்தபோது, பழைய தொலைபேசி நிறுவனமான பி.டி.யின் கம்பங்களையும் குழாய்களையும் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. வாடகையும் நிபந்தனைகளும் கட்டுப்படியாகாது என்று போட்டி நிறுவனங்கள் முறையிட்டன. கடைசியில் ஒப்பந்தங்கள் அத்தனையும் பி.டி.க்கே போயின. போட்டி இல்லாமல் போனதை 2013 ஜூலையில் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சுட்டிக்காட்டியது. கம்பம் யாரிடம் இருக்கிறதோ அவரே சந்தையையும் தீர்மானிக்கிறார் என்பதற்கு இது சான்று.

அண்டை மாநிலங்களில் வேறு வழி எடுத்தார்கள். ஆந்திரா மின்கம்பங்களிலேயே கேபிளைத் தொங்கவிட்டு, தோண்டும் செலவைப் பெருமளவு மிச்சப்படுத்தியது. 2017 டிசம்பரில் தொடங்கியபோது மாதம் 149 ரூபாய்க்கு இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் தருவதாக அறிவித்தது. கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டத்தில் மாநில மின்வாரியமே பங்குதாரர். கம்பத்தின் உரிமையாளரையே கூட்டாளி ஆக்கிவிட்டால் வாடகைத் தகராறுக்கு இடம் குறைகிறது.

தமிழகத்திலும் பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் வழியாகத்தான் போகிறது. சிறுபகுதிதான் நிலத்தடியில். செலவுக் கணக்கில் இது சரியான முடிவு. ஆனால் நம் கடலோரத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு.

கஜாவை மறக்க முடியுமா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையும் போனது, மின்சாரமும் போனது. பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு.

கம்பம் சாய்ந்தால் கேபிளும் அதோடு சாயும். கம்பத்தை நிமிர்த்தும்போது மின்வாரிய ஊழியர் முதலில் மின்கம்பியைத்தான் இழுப்பார், அதுதான் முறை. ஃபைபரைச் சேர்க்க வேறு நிறுவனத்தின் ஆள், அவருக்கு லைன் கிளியர், அதற்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். மலிவாகக் கிடைத்த வழி, பழுது நேரத்தில் விலையைக் கேட்கும்.

இதில் விவசாயிக்கு இரட்டை அடி. சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில ஆண்டுகளில் நீட்டிக்கிறார்கள். வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதமும் அதேதான். மழை, காற்று, மின்தடை எல்லாம் சேர்ந்து இணைப்பு அறுந்துபோகும் நாட்களில்தான் இ-சேவை மையத்தில் அடங்கலோடு வரிசை நீள்கிறது. பதிவு விட்டுப்போனவருக்குப் பயிர் மூழ்கினாலும் காப்பீட்டு இழப்பீடு கிடையாது. ஜெகதாப்பட்டினம் மீனவருக்கும் கடல் எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் நாட்கள் அவையே.

ஆகவே கடலோர ஒன்றியங்களுக்கு, மாநிலம் முழுவதற்குமான ஒரே அளவுகோல் பொருந்தாது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு நிலத்தடிக் கேபிள், உள்புறமாக அறந்தாங்கிப் பக்கமிருந்து இன்னொரு பாதை, இரண்டையும் வளையமாக இணைப்பது என்ற அமைப்பு வேண்டும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் ஓடும். 2023-ல் ஒப்புதல் பெற்ற திட்டமும் வளைய அமைப்பைத்தான் சொல்கிறது. அதைச் செயல்படுத்தும்போது புயல் அடிக்கும் ஒன்றியங்களை முன்வரிசையில் வைக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை

முதலாவது, ஊராட்சி அலுவலகத்துக்கு அப்பால் இழுக்கப்படும் கேபிளுக்கும், சிறு ஆபரேட்டர்களுக்குக் குறைந்தது முதல் சில ஆண்டுகளுக்காவது கம்ப வாடகையை நீக்கலாம். அல்லது கம்பத்துக்கு வாடகை என்பதை மாற்றி, கொடுத்த இணைப்புக்கு இவ்வளவு என்று வாங்கலாம். சிதறிய ஊருக்கு அதுதான் நியாயம்.

இரண்டாவது, கேபிள் வந்த ஊராட்சியில் முதல் நான்கு இணைப்புகள் கூட்டுறவு சங்கம், நேரடி கொள்முதல் நிலையம், வேளாண் விரிவாக்க மையம், இ-சேவை மையம் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். இவற்றுக்கு இணைப்பு கொடுக்கும் செலவைத் திட்டமே ஏற்கலாம். அதனால் வீடுகளுக்குப் போகும் வழியில் பாதித் தூரம் கேபிள் போய்ச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, ஊராட்சி அறையில் உள்ள கருவிக்கு மின்சாரக் கட்டணமும் பேட்டரி பராமரிப்பும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். பெட்டி இருந்தும் விளக்கு எரியாத அறையால் யாருக்கும் பயனில்லை.

நாம் செய்யக்கூடியவை

புதுக்கோட்டை உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதற்காகக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம். கிராம சபையில் மூன்று கேள்வி போதும். நம் ஊராட்சிக்குக் கேபிள் வந்துவிட்டதா? கருவி இயங்குகிறதா? கூட்டுறவு சங்கத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் இணைப்பு எப்போது? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் வயலில் கம்பம் நடவோ, பள்ளம் தோண்டவோ தனியார் நிறுவனம் வந்தால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். தனியார் நிலத்துக்கு உரிமையாளருடன் ஒப்பந்தம் செய்து, அதற்கான தொகையையும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று 2023 சட்டம் சொல்கிறது. பொதுநலனுக்குத் தேவை என்று கருதினால் மத்திய அரசு தலையிடவும் அதில் இடம் உண்டு. ஆகையால் மறுப்பதைவிட, எந்த வரப்பு ஓரமாகப் போகலாம், உழவு ஆழத்துக்குக் கீழே எவ்வளவு பதிக்க வேண்டும், பயிர் சேதத்துக்கு எவ்வளவு என்று பேசி எழுதி வாங்குவது நல்லது.

குழாய் பதிக்கச் சாலையோரம் ஜே.சி.பி. விடுவோர், கீழே கேபிள் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இதற்கென்றே 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலி வெளியிட்டுள்ளது. ஒரு வாளி மண்ணில் ஐந்து ஊராட்சியின் இணைப்பு அறுந்துபோகலாம்.

உதவி வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெட்வொர்க் இல்லாததால் உரம் வாங்க முடியாதவர், காப்பீடு பதிய முடியாதவர் எத்தனை பேர் என்று தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு பருவத்துக்கு அந்தக் குறிப்பு கையில் இருந்தால், அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர் முன்பு வைத்துப் பேசலாம்.