சுவருக்குள் போன காசு

உவர்மலையில் ஒரு வீடு. விறாந்தை, மூன்று அறை, பின்வளவில் இரண்டு மாமரம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவும் அம்மப்பாவும் அதில் இருக்கிறார்கள். விற்றால் கோடிக்கு மேல போகும் என்று அயல் சொல்லுது. உள்ளே இருக்கிறவர்களோ மாதக்கடைசியில் பிரஷர் குளிசையைப் பாதியாய் முறித்துக் குடிக்கிறார்கள். "வீடு இருக்குத்தானே, பிறகென்ன குறை?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்லுறது? சுவரைக் கிள்ளியா சமைக்கிறது?

அம்மப்பா சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் ஆலையில் இருபத்தைந்து வருசம் வேலை செய்தவர். அரச உத்தியோகம் என்றால் சாகும்வரை பென்சன். தனியார் துறைக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிதான். சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் மொத்தமாய் எடுக்கலாம். மாதாமாதம் ஒன்றும் வராது. மொத்தமாய் வந்த காசு எங்கட ஊரில் எங்கே போகும் என்று கேட்கவும் வேணுமா? மகளுக்கு வீடு. அந்த நிதியையே பிணையாக வைத்து முன்கூட்டியே வீட்டுக்கடன் எடுக்கவும் வழியிருக்கு. காசைச் சுவராக்க இவ்வளவு வசதி. சுவரைத் திரும்பக் காசாக்க, வீட்டை விட்டு இறங்கி விற்கத்தான் வேணும்.

மிச்சத்தை வங்கியில் போட்டவர்களும் தப்பவில்லை. 60 வயது தாண்டியவர்களின் 15 இலட்சம் வரையான வைப்புக்குக் கிடைத்த 15 வீத வட்டியை 2022இல் நிறுத்தினார்கள். பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட அதே வருசம்.

ரிவர்ஸ் மோர்ட்கேஜ் என்று ஒன்று இருக்கு. தலைகீழ் ஈடு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஈட்டில் நாங்கள் வங்கிக்குக் கட்டுறோம். இதில் வங்கி முதியவர்களுக்கு மாதாமாதம் தரும். அவர்கள் தங்கட வீட்டிலேயே இருப்பார்கள். இருவரும் காலமான பிறகு பிள்ளைகள் கடனைக் கட்டி வீட்டை எடுக்கலாம். இல்லையென்றால் வீடு விற்கப்பட்டு, கடன்போக மிச்சம் பிள்ளைகளுக்கு. வட்டி வட்டியோடு சேர்ந்து ஏறும் என்பதால் இது மலிவான சங்கதியும் இல்லை.

இந்தியாவும் தென்கொரியாவும் இதை 2007இல் தொடங்கின. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களுக்குத் திறந்துவிட்டும் பெரிதாக எடுபடவில்லை. கொடுப்பனவுக்குக் கால எல்லை வைத்தால் எண்பது வயதில் ஆர் துணிவார்? கொரியாவில் அரச நிறுவனமே உத்தரவாதம் கொடுத்தது, உயிரோடு இருக்கும்வரை காசு வந்தது. சனம் நம்பிச் சேர்ந்தது. இங்கேயும் வந்தால் அரசாங்கப் பொறுப்போடு, ஆயுள் முழுக்க வரவேண்டும் என்பதே எங்கட நிலைப்பாடு. தனியார் கம்பனி போர்டை நம்பி அம்மம்மாவை அனுப்ப நாங்கள் தயாரில்லை.

ஆனால் சட்டம் வந்தாலும் உவர்மலை வீட்டுக்கு அது உதவாது. உறுதி அம்மம்மாவின் பேரில் இல்லை. மகளின் கலியாணத்தோடு நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி எழுதியாச்சு. இவர்களுக்கு மிஞ்சினது சீவிய உரித்து மட்டும். அதை நம்பி எந்த வங்கி காசு தரும்? நகரத்துக்கு வெளியே போனால் இன்னொரு சிக்கல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருக்கிற காணியை நினைத்தபடி ஈடு வைக்கேலாது. சண்டைக்காலத்தில் உறுதியைத் தொலைத்தவர்களின் கதை வேறு.

அரசாங்கத்தைக் குறை சொல்லுறது லேசு. நாங்கள் படிக்கிற பிள்ளையள், முற்போக்கு பேசுறோம், சீதனம் கூடாது என்று பேச்சுப்போட்டியில் பரிசும் எடுத்திருக்கிறோம். வீட்டுக் கதை வந்தவுடன் வாய் மூடிவிடுது, ஏனென்றால் அடுத்த உறுதி எங்கட பேரில்தான். இது ஒரு வகையில் பெண்பிள்ளைக்கு ஒரு கூரையை உறுதிப்படுத்திய வழக்கம், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கலியாண வீட்டிலேயே முழு வீட்டையும் எழுதித்தான் ஆகவேண்டுமா? தாய் தகப்பன் கடைசிவரை உறுதியைத் தங்கட கையில் வைத்திருந்தால் என்ன குடி முழுகிப்போகும்?

எங்கட சிநேகிதி போன பொங்கலுக்கு வீட்டில் அதைச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு எழுத வேண்டாம், உங்கட பேரிலயே இருக்கட்டும் அம்மா." அம்மா பதில் சொல்லவில்லை. அரைக் குளிசையோடு தண்ணி குடித்துக்கொண்டிருந்த அம்மம்மாதான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டா: "அப்ப உன்னை ஆர் பிள்ளை கட்டுவான்?"