யாரிடம் கேட்பது?

மூத்தோரை வீட்டுக்கனுப்பும் பத்திரிகை முகாமையாளர்கள், "பழைய பிரதிகள்தாம் கணினியில் உள்ளனவே" என்கின்றனர். அபத்தம்! ஆசிரிய பீடத்தின் ஞாபகம் தாள்களில் மட்டுமா இருக்கின்றது? காணிச் சட்டத்தை இவரிடம் கேள், 1977 தேர்தலை அவரிடம் கேள் என்ற அறிவிலன்றோ இருக்கின்றது! இத்தகைய பகிர்ந்த ஞாபகத்தை உளவியலாளர் டானியல் வெக்னரும் சகாக்களும் 1985 இலேயே விளக்கிவிட்டனர். 1995 இல் வெளியான லியாங், மோர்லாண்ட், ஆர்கோட் ஆய்வில், வானொலிப் பெட்டி பொருத்த ஒன்றாகப் பயின்ற குழுவினர், தனித்தனியே பயின்று பின்னர் குழுவாக்கப்பட்டோரை விடக் குறைவாகவே பிழைவிட்டனர். பயிற்சியில் குறையில்லை, எவருக்கு எது கைவரும் என்பதைத்தான் பின்னவர் அறிந்திருக்கவில்லை.

ஒப்புநோக்குநர் மேசையருகே நான் கேட்ட அரட்டையெல்லாம் அந்த அறிவே. (தேநீர்ச் செலவு மட்டுமே முகாமையாளர் கண்ணுக்குத் தெரிந்தது.) நள்ளிரவில் அச்சு இயந்திரம் காத்து நிற்கையில், ஊர்ப்பெயரொன்று பிழையெனச் சந்தேகிக்கவே ஆளில்லாவிடின், கணினியிடம் எதைத் தேடச் சொல்வீர்கள்?